சுடலைக்கண்ணு அண்ணாச்சியின் பொழி

சுடலைக்கண்ணு அண்ணாச்சி கோவில்பட்டிக்குப் போவதாக இருந்தால் ஓட்டப்பிடாரம் போவதாகத்தான் சொல்வார். உண்மையிலேயே ஓட்டப்பிடாரம் போகிற அன்று, எங்கே போகிறீர்கள் என்று கேட்டவனை முறைப்பார். கடலைமிட்டாய் வாங்கினால் கடைக்காரர் முதலில் ஒரு துண்டு தின்று காட்ட வேண்டும். மகள் மாரிசெல்விக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பையன் வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் மூன்று நாள் வெளியூர்க்காரர் மாதிரி உட்கார்ந்து, அந்த வீட்டுக்குள் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று பார்த்தார். நாலாம் நாள் பையனின் அப்பாவே வெளியே வந்து, "உள்ள வந்து காப்பி குடிங்க சம்பந்தி" என்று கூப்பிட்டுவிட்டார். நான் இன்னார் என்று இவனுக்கு எவன் சொன்னான் என்று அதற்கும் ஒரு மாதம் விசாரணை நடந்தது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு ஆளை முழுசாக நம்பினார். அது நான். என் பெயர் சாமித்துரை. அவர் நம்பியிருக்கக் கூடாத ஆளும் நான்தான். அதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொன்னால் அது யோக்கியமான கதையாக இருக்காது.

எங்கள் ஊர் பசுவந்தனைக்குத் தெற்கே இருக்கிறது. முழுக்கக் கரிசல், முழுக்க மானாவாரி. ஊரிலிருந்து மேற்கே ஓடைக்குப் போகும் பழைய வண்டிப்பாதைக்கு வடக்கே அண்ணாச்சியின் மூன்று ஏக்கர். தெற்கே என் மூன்று ஏக்கர். ஓடைக்கு அக்கரையில் சுடுகாடு. விவசாயத் தெருவுக்கும் ஆடு வளர்க்கிற தெருவுக்கும் அங்கே தனித்தனி இடம் உண்டு. போவதற்கு வழி மட்டும் ஒன்றுதான்.

அந்தப் பாதைக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. பாரம் ஏற்றிய வண்டிக்கு வெறும் வண்டி ஒதுங்க வேண்டும். தண்ணீர்க் குடத்தோடு வரும் பெண்ணுக்கு ஆட்டு மந்தை ஒதுங்க வேண்டும். பாடை வந்தால் யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். புஞ்சையின் ஓரத்தில் உழாமல் விடுகிற மேட்டை எங்கள் பக்கம் பொழி என்போம். விதைப்பு முடிந்ததும் பொழியில் ஒரு முள்ளை வெட்டிப் போட்டுவிட்டால் அதைத் தாண்டி யாரும் கால் வைக்க மாட்டார்கள். போட்டவன்தான் அந்த முள்ளை எடுக்க வேண்டும்; மற்றவன் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. பாடை ஒரு தடவை போன தடத்தைப் பிறகு யாரும் மறிக்கக் கூடாது. தெரியாமல் ஒருவர் புஞ்சைக்குள் பாடை ஏறி இறங்கிவிட்டால் அந்தத் தடம் ஊருக்குச் சொந்தம் என்றாகிவிடும்.

கோடையில் பாதையைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை. ஐப்பசியில் மழை இறங்கினால்தான் வினை. கரிசல் சகதி முழங்கால் வரை இழுக்கும். காலைப் பிடுங்கினால் செருப்பு உள்ளே தங்கிவிடும். நடக்கிறவன் தன்னை அறியாமலே பக்கத்துப் பொழியில் ஏறுவான். அவன் ஏறிய இடத்தில் அடுத்தவனும் ஏறுவான். இப்படியே பாதை வருசத்துக்கு ஒரு அடி நகரும். எல்லைக் கல்லைப் பார்த்துச் சரி செய்யலாம் என்றால், கோடையில் வெடித்து மழையில் பொங்குகிற இந்த மண் கல்லை விழுங்கிவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் எல்லை காட்டிக்கொண்டிருந்தது ஒரு உடைமரம். தொண்ணூற்றிரண்டில் அதுவும் பட்டுப்போய் விறகாகிவிட்டது.

தொண்ணூற்றிமூன்றில் முதன்முதலாக டிராக்டர் வாடகைக்குப் பிடித்து உழுதேன். திருப்பத்தில் டிரைவர் ஒரு உழவுச் சால் பாதைக்குள் விட்டுவிட்டான். ஏண்டா என்று நான் கேட்கவில்லை. அந்தச் சாலிலும் உளுந்து விதைத்தேன், முளைத்தது. அடுத்த வருசம் டிரைவரிடம் நானே, "இன்னும் கொஞ்சம் தள்ளித் திருப்பு" என்றேன். ஒவ்வொரு விதைப்புக்கும் முள்ளை ஒரு அடி முன்னால் தள்ளிப் போட்டேன். வழக்கப்படி அதை யாரும் தொடவில்லை. ஐந்து வருசத்தில் ஐந்தடி. இரண்டு வண்டி உரசாமல் போன பாதையில் ஒரு வண்டி முக்கி முனகிப் போனது. சகதி வந்தால் ஜனங்கள் ஏற முடியாமல் என் பக்கம் முள் கிடந்தது. அண்ணாச்சி பக்கம் பொழி திறந்து கிடந்தது.

அவர் முள் போடவில்லையா என்று கேட்கலாம். முள்ளை அவர் நம்பவில்லை. "முள்ளப் போட்டா முள்ளையும் சேத்துல்லா தூக்கிட்டுப் போவானுவ" என்பார். தினமும் விடிந்ததும் தானே போய் நின்று, பொழியிலிருந்து புஞ்சை நடுவில் தூர்ந்து கிடந்த கிணற்று மேடு வரை அடிமேல் அடி வைத்து அளப்பார். முந்தின வருசத்தைவிடக் குறைந்திருக்கும். குறைந்தது நிஜம்தான். ஆனாலும் அவரைப் பைத்தியம் என்று ஊர் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவருடைய சந்தேகமெல்லாம் ஆட்டுக்காரத் தெரு மேலேதான், அதிலும் கிட்டு மேலே. கிட்டுவிடம் எண்பது ஆடு இருந்தது. காலையில் ஓடைக்குப் பத்தி, சாயங்காலம் அதே பாதையில் திருப்பிக் கொண்டு வருவான். அதிர்ந்து பேசாத ஆள்.

ஒருநாள் அண்ணாச்சி ஒரு இரும்புச் சட்டியில் காய்ந்த மண்கட்டி ஒன்றைத் தாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கட்டியில் ஒரு செருப்புத் தடம் அச்சாகப் பதிந்திருந்தது.

"ஏலே சாமித்துரை, இதப் பாரு. டயர் செருப்பு. குதிங்கால் பக்கம் அழுந்திருக்கு. கிட்டு நடக்கும்போது குதிங்காலத்தான் ஊணுவான். பாத்திருக்கியா?"

"பாக்கலையே, அண்ணாச்சி."

"நான் பாத்திருக்கேன். இது ஒன் வீட்டுல இருக்கட்டும். எங்க வீட்டுல வச்சா சொர்ணத்தாய் தூத்து அள்ளிருவா. தெரியாம அள்ளுத மாதிரி வேணும்னே அள்ளுவா."

சொர்ணத்தாய் அவர் சம்சாரம். முப்பது வருசம் அவரோடு குடித்தனம் செய்த பொம்பளை. அவளை நம்பாதவர் அந்தச் சட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நானும் பயபக்தியோடு வாங்கிப் பரணில் வைத்தேன். என் மனைவி முத்துசெல்விக்குச் சால் விசயம் தெரியும்.

"அவிய தேடுத ஆளு இங்கனதான் உக்காந்து சோறு திங்குதாருன்னு சொல்லிட்டு வந்துருவமா?" என்றாள்.

"வாய மூடு."

அவள் மூடிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. அந்தச் சமயத்தில்தான் டீக்கடை பெருமாள்சாமி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அண்ணாச்சி, ஒங்க பொழியில ஒரே ஒரு பாடை ஏறி எறங்கிட்டா சோலி முடிஞ்சுது, அம்புட்டும் ஊர்ப் பாதைதான்" என்று கேலி பேசிவிட்டான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை, பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து கொட்டுகிற மழையிலும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பொழியிலேயே நின்றார்.

ஐந்தாம் நாள் காலையில் கிட்டுவின் மனைவி வள்ளித்தாய் இறந்துபோனாள். நாற்பது வயது இருக்கும். ஒரு வாரக் காய்ச்சல். மழையில் பஸ் வரவில்லை, கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்லை. எங்கள் ஊரில் ஒரு சாவு என்றால் வீடு வீடாகப் போய்த் துட்டி சொல்ல வேண்டும். சொல்லப் போனவன் அண்ணாச்சி வீட்டுக்கும் போயிருக்கிறான். சொர்ணத்தாய் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். இவர் பொழியில் நின்றார். வீடு பூட்டிக் கிடந்ததால் அவன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். மழையில் தோல் தொய்ந்து கொட்டும் அடிக்க முடியவில்லை.

ஆக, மத்தியானம் அண்ணாச்சி கண்டது இதுதான்: துட்டி சொல்லவில்லை, கொட்டுச் சத்தம் இல்லை, ஆட்டுக்காரத் தெருவிலிருந்து ஒரு பாடை அவர் பொழியை நோக்கி வருகிறது.

முன்னால் வந்த இரண்டு பேர் சகதியில் கால் புதைந்து, வடக்கே பொழியில் ஏறக் காலை எடுத்து வைத்தார்கள். அண்ணாச்சி கம்பைக் குறுக்கே நீட்டினார்.

"யாருலே செத்தது? எனக்கு எவனும் துட்டி சொல்லலையே. துட்டி இல்லாமப் பொணம் எப்படிலே வரும்?"

"வள்ளித்தாய், அண்ணாச்சி" என்றான் ஒருவன்.

"போன வாரங்கூட அவ ஆடு பத்துனத நான் பாத்தேன். பாடைக்குள்ள என்ன வச்சிருக்கிய? மொகத்தக் காட்டு."

அந்த வார்த்தை என் காதிலும் விழுந்தது. பாதையின் தென்புறம், என் உளுந்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். பாடை வருவதைப் பார்த்ததுமே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் வைக்கவில்லை.

கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்றது கிட்டு. சட்டியைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான். தோளிலிருந்து இறக்காமலே பாடையைத் தாழ்த்தச் சொன்னான். முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினான். நெற்றியில் ஒட்டியிருந்த காசின் மேலும் மூடிய கண்ணின் மேலும் மழை விழுந்தது.

"பாத்துக்கிட்டியளா, அண்ணாச்சி?"

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். ஆனாலும் கம்பு இறங்கவில்லை.

"செத்தது நெசந்தான். பாதையிலயே கொண்டு போங்க. பொழியில ஏறப்படாது."

அவர்கள் பாதையிலேயே போனார்கள். முழங்கால் சகதியில், ஒரு வண்டி அகலத்தில், நான்கு பேர் தோள் சேர்த்துப் போக இடமில்லாமல் முன்னும் பின்னுமாக இடித்துக்கொண்டு போனார்கள். பாதி வழியில் ஒருவன் விழுந்தான். பாடை சாய்ந்து, அவள் கால்மாட்டுத் துணியெல்லாம் சேறாகிவிட்டது. என் காலுக்குக் கீழே ஐந்தடி நல்ல மேட்டு நிலம் இருந்தது. அது பாதையின் நிலம். முள்ளைப் போட்டவன் நான். எடுக்க வேண்டியவனும் நான். "இந்தப் பக்கம் ஏறி வாங்கய்யா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. மிதித்தால் போய்விடுமே என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. இன்றைக்கு வேறு மாதிரி ஜோடித்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

அடுத்த கோடையில் ஆட்டுக்காரத் தெரு கணக்குத் தீர்த்தது. மழைக்கு முன்னால் புஞ்சைகளில் ராத்திரி ஆட்டை மறித்துக் கிடை போட்டுப் புழுக்கை விழுந்தால்தான் எங்கள் மண்ணுக்கு உரம். அண்ணாச்சி புஞ்சையில் எவனும் கிடை போடவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. அவர் புஞ்சையைத் தாண்டி வந்து, நான் கேட்காமலே என் புஞ்சையில் கிட்டு ஆட்டை மறித்தான்.

"எனக்கு எதுக்கு, கிட்டு?" என்றேன்.

"அன்னைக்கு நீங்க செருப்பக் கழட்டிட்டு நின்னியள்லா" என்றான்.

என் உளுந்து அந்த வருசம் நன்றாக விளைந்தது. அண்ணாச்சி பருத்தி சவலைப்பிள்ளையாக நின்றது. அதற்கும் அவர் ஒரு காரணம் கண்டுபிடித்தார்: "ஒன்னைய வளைச்சுப் போடப் பாக்கான், சாமித்துரை. பாத்து சூதானமா இரு." நான் தலையை ஆட்டினேன். அந்தப் பாடைக்குப் பிறகு சால் தள்ளி உழுவதை நிறுத்திவிட்டேன். எடுத்ததைத் திருப்பி விடத்தான் மனசு வரவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் சுடுகாட்டுப் பாதைக்குச் சரள் போட உத்தரவு வந்தது. அளப்பதற்குச் சர்வேயர் வரைபடத்தோடும் சங்கிலியோடும் வந்து இறங்கினார். அண்ணாச்சிக்கு அன்று தீபாவளிதான். பத்து வருசமாக அவர் காத்திருந்த நாள். வேட்டியை வெளுத்துக் கட்டி, சங்கிலி பிடிப்பவனையும் நம்பாமல் சங்கிலியின் கூடவே நடந்தார். கிட்டு ஆட்டை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் பொழியில் நின்றேன்.

சர்வேயர் வரைபடத்தைப் பார்த்தார், அளந்தார், நேராக என் புஞ்சைக்குள் ஐந்தடி நடந்து வந்து, "இங்க தோண்டு" என்றார். கடப்பாரை முழங்கை ஆழம் இறங்கியதும் ணங்கென்று சத்தம் கேட்டது. மண்ணைத் தள்ளினால், தலையில் குறி கொத்திய எல்லைக் கல்.

அண்ணாச்சி கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

"அடப்பாவிகளா" என்றார். "கல்லையே பிடுங்கிக் கொண்டாந்து ஒன் புஞ்சையிலல்லா புதைச்சு வச்சிருக்கானுவ! நம்ம ரெண்டு பேரையும் மோத விடத்தாம்லே இந்த வேலை." கம்பை நீட்டிக் கிட்டுவைக் காட்டினார். "சார், அந்தா நிக்கான் பாருங்க. அவன் வேலைதான் இது."

கிட்டு ஐந்து வருசத்துக்கு முன் அந்த இடத்தில் துணியை விலக்கிவிட்டு நின்ற மாதிரியே நின்றான். அந்த முகத்தை இரண்டாவது தடவை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அண்ணாச்சி, கல்லு எங்கயும் போகல. நான்தான் வருசா வருசம் ஒரு சால் தள்ளி உழுதேன். முள்ளையும் நான்தான் தள்ளித் தள்ளிப் போட்டேன். கிட்டு ஒண்ணும் பண்ணல."

அவர் என் பக்கத்தில் வந்தார். என் கண்ணையே பார்த்தார். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"யாருலே ஒன்னைய இப்படிச் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல, அண்ணாச்சி. சத்தியமாச் சொல்லுதேன்."

"கிடை போட மாட்டேன்னு மிரட்டுனானா? சொல்லுலே, நான் இருக்கேன்."

பிறகு சர்வேயரிடம் திரும்பி, "சார், இதையெல்லாம் எழுதாதீங்க. பய பயந்துபோய்ச் சொல்லுதான்" என்றார்.

சர்வேயர் சங்கிலி காட்டிய அளவை எழுதிக்கொண்டு போனார். கிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆட்டைப் பத்திக்கொண்டு போனான். அந்தக் கோடையில் என் புஞ்சையிலும் கிடை விழவில்லை. என் பக்கத்து ஐந்தடி பாதைக்குப் போனது. அண்ணாச்சி பொழி அவருக்கே நின்றது. ஆனால் அந்த மனிதர் என் ஐந்தடிக்காக ஓட்டப்பிடாரம் தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை மனுக் கொடுக்கப் போனார். போகிற அன்றெல்லாம் கோவில்பட்டி போவதாக ஊரில் சொன்னார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார். தன் பொழியோடு என் பொழியையும் சேர்த்துக் காவல் காத்தார். உண்மையை இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல என் மேல் அவருக்கு இரக்கம்தான் கூடியது.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் படுத்துவிட்டார். மாரிசெல்வி வந்து பார்த்துக்கொண்டாள். ஒருநாள் அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டார்.

"பாடைய நல்லாக் கட்டுதானுவளான்னு நீ பாத்துக்கோ. வேற எவனையும் நம்ப முடியாது."

"சரி, அண்ணாச்சி."

"கிட்டு பாதையில வந்து நிப்பான். மொகத்தக் காட்டுன்னு கேப்பான். கேட்டா காட்டிரு. அவ மொகத்த நான் பாத்தேன்லா."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். முடிச்சையெல்லாம் நானே இழுத்துப் பார்த்தேன். அன்றும் மழை தூறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சரள் போட்ட பாதை அகலமாகக் கிடந்தது. நான்கு பேர் தோள் சேர்த்துச் சாதாரணமாக நடந்தார்கள்.

அவர் பொழிக்கு நேராகப் போகும்போது கிட்டு எதிரே வந்தான். ஆட்டை ஓரமாக ஒதுக்கினான். டயர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் பாடையை நிறுத்தச் சொன்னேன். சொல்லிவிட்டுப் போனதைச் செய்வதற்காக முகத்துத் துணியில் கை வைத்தேன்.

"வேண்டாம், மூடுங்க" என்றான் கிட்டு.

பாடை நகர்ந்தது. நான் அவனைத் தாண்டும்போது, பாதையின் தென்புற ஓரத்தைப் பார்த்துக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"வள்ளித்தாய்க்கும் அன்னைக்கு இவ்வளவு எடம் இருந்துச்சுல்லா."

"இருந்துச்சு, கிட்டு" என்றேன்.

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆட்டைப் பத்தினான். நான் பாடைக்குப் பின்னால் ஓடைக்கு நடந்தேன்.